மக்காச்சோளத்துக்கு யூரியா: விளைச்சல் குறையாமல் மூட்டையைக் குறைக்கும் வரிசை

சேலம் மாவட்டத்து ஆத்தூர், தலைவாசல் பக்கம் யூரியாவைக் குறைக்கப் பார்த்து, பாதியில் கைவிட்டவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள். முதல் வேலையாக மூட்டையைக் குறைத்துவிட்டார்கள். ஐந்து மூட்டை போட்ட ஏக்கருக்கு மூன்று போட்டார்கள். பயிர் வெளுத்தது. பயந்துபோய் அடுத்த பட்டத்தில், அதாவது அடுத்த சாகுபடிப் பருவத்தில், ஆறு மூட்டை வாங்கினார்கள்.

மூட்டையைக் குறைப்பது கடைசிப் படி. நாம் போடும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பாதிக்கும் குறைவாகத்தான் பொதுவாகப் பயிருக்குள் போகிறது. மீதியில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது, ஒரு பங்கு நைட்ரேட்டாகத் தண்ணீரோடு கீழே இறங்குகிறது, ஈரம் தேங்கிய மண்ணில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறி மேலே போகிறது. இந்த ஓட்டைகளை அடைக்காமல் மூட்டையைக் குறைத்தால் பயிரின் பங்குதான் குறையும். அடைத்துவிட்டுக் குறைத்தால் பயிருக்கு அது தெரியாது. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். இதற்கு இரண்டு பட்டம் ஆகும்.

இங்கே சொல்வதெல்லாம் கிணறோ போரோ வைத்துச் செய்யும் இறவை மக்காச்சோளத்துக்கு, அதுவும் வீரிய ஒட்டு ரகத்துக்கு. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர். மானாவாரிக்கு அளவே வேறு. ஏற்காட்டு மலையில் நிழலில் நிற்கும் காப்பிக்கும் மிளகுக்கும் இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள்.

## 1. விதைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மண் பரிசோதனை முடிவு, கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, ஒரு தொங்கு தராசு, நீளம் அளக்க ஒரு டேப்பு, அடையாளத்துக்கு எட்டு மூங்கில் குச்சி, ஒரு நோட்டு. கைப்பேசியில் வானிலைத் துறையின் மேகதூத் செயலி இருந்தால் நல்லது. மேலுரம், அதாவது பயிர் வளரும்போது வைக்கும் உரம், அதை வைக்கும் நாளை முடிவு செய்ய அது வேண்டும்.

தராசு எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் உரம் வைக்கும் பெண்கள் அன்னக்கூடைக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு அன்னக்கூடை யூரியா எத்தனை கிலோ என்று ஒருமுறையாவது நிறுத்துப் பாருங்கள். கோபுரமாக அள்ளினால் ஒன்று, தலைதட்டி அள்ளினால் ஒன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் பத்து கிலோ கூட்டுவதும் குறைப்பதும் வீண் பேச்சு.

## 2. மண் எடுப்பது

கோடை உழவுக்கு முன்னால் எடுங்கள். எருவோ உரமோ போட்ட பிறகு எடுத்தால் நாம் போட்டதைத்தான் ஆய்வகம் அளந்து சொல்லும்.

ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்து வடிவில் அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். அந்தக் குழிக்குள் விழுந்த மண்ணை எடுக்கக் கூடாது. குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்துக்குச் சீவி எடுக்கிற மண்தான் மாதிரி. எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிர் எதிரான இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள்.

வரப்போரம், வேப்பமரத்தடி, எருக்குழி இருந்த இடம், வாய்க்கால் ஓரம் இவற்றை விட்டுவிடுங்கள். செம்மண்ணும் கரிசலும் ஒரே வயலில் இருந்தால் இரண்டு பை. சேலத்தில் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

முடிவு வந்ததும் மூன்று எண்களைப் பாருங்கள். தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள். கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதுவும் குறைவு. அப்புறம் கார அமில நிலை (பி.எச்.). அது 8ஐத் தாண்டியிருந்தால், அல்லது உங்கள் வயல் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண்ணாக இருந்தால், மேலே தூவும் யூரியா அம்மோனியாவாகப் போவது இன்னும் வேகமாக நடக்கும். ஏழாவது படியை நீங்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

## 3. வயலில் ஏற்கெனவே இருப்பதை எண்ணுவது

பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. கடையில் வாங்கியது மட்டும்தான் உரம் என்ற நினைப்பு நமக்கு.

தொழு எரு. ஏக்கருக்கு 5 டன் அடிக்கிறோம். நன்றாக மக்கிய எருவில் சுமார் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தால் 25 கிலோ. முழுவதும் இந்தப் பட்டத்திலேயே கிடைக்காது. கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கிடைக்கும். நான் 7 கிலோ என்று எழுதிக்கொள்கிறேன்.

கோழி எரு. நாமக்கல் பக்கமிருந்து லாரியில் வருகிறது. மாட்டெருவைப் போலப் பல மடங்கு தழைச்சத்து இதில் உண்டு. ஆனால் குவித்து வைத்த இடத்தில் கண் எரிகிற மாதிரி ஒரு வாடை வருகிறதே, அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. அம்மோனியாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. வந்து இறங்கியதும் மண்ணோ மக்கிய எருவோ கொண்டு மூடுங்கள். வயலில் பரப்பினால் அன்றைக்கே உழுதுவிடுங்கள். பரப்பிவிட்டு டிராக்டர் வரட்டும் என்று நான்கு நாள் காத்திருப்பதுதான் பெரிய நட்டம்.

திப்பி. மரவள்ளியில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருக்கும் ஊர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரவள்ளித் திப்பியை மக்க வைக்காமல் நேராக வயலில் கொட்டாதீர்கள். அதில் மாவும் நாரும்தான் அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாக நிற்கும், நீங்கள் யூரியா போடுவீர்கள், அதையும் அவை பிடித்துக்கொள்ளும். எருவோடு சேர்த்து மக்க வைத்து அப்புறம் போடுங்கள்.

முன்பயிர். அதே வயலில் இதற்கு முன் உளுந்தோ தட்டைப்பயறோ நிலக்கடலையோ இருந்து, அதன் வேரும் கொடியும் மண்ணிலேயே மடக்கப்பட்டிருந்தால் 8 கிலோ கழிப்பது என் வழக்கம். கொடியை மாட்டுக்கு அள்ளிப்போயிருந்தால் கழிப்பதில்லை.

கிணற்றுத் தண்ணீர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் கணக்கையே காட்டுகிறேன். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் கிணற்றில் சரியாக அந்த 45 இருக்கிறது என்று வையுங்கள். அதில் தழைச்சத்து மட்டும் 10 மில்லிகிராம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கக் கட்டினால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அதாவது அங்குலத்துக்கு ஒரு கிலோ தழைச்சத்து தண்ணீரோடு வருகிறது. ஒரு பட்டத்துக்குக் கிணற்றிலிருந்து பத்து அங்குலம் பாய்ச்சினால் பத்து கிலோ. அரை மூட்டை யூரியா! பல வருடமாக நாம் போட்ட யூரியா கீழே இறங்கிச் சேர்ந்த தண்ணீர்தான் இது. இறைக்கும்போது திரும்பி வருகிறது. தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். 45ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குடிக்கவும் கொடுக்காதீர்கள்.

## 4. ஏக்கர் கணக்கு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குச் சொல்லும் பொதுப் பரிந்துரை, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 250, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 75, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 75 கிலோ. உங்கள் மண் பரிசோதனை அட்டையில் தனிப் பரிந்துரை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு தவறு நடக்கிறது, இரண்டும் மூட்டைக் கணக்கில் பெரியவை. ஒன்று, ஹெக்டேர் என்பதை ஏக்கர் என்று படித்துவிடுவது. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஆக ஏக்கருக்கு 100, 30, 30. இன்னொன்று, தழைச்சத்து 100 கிலோ என்றால் யூரியா 100 கிலோ என்று எடுத்துக்கொள்வது. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. பழைய 50 கிலோ மூட்டைக் கணக்கில் இன்னும் பேசுகிறவர்களிடமும் கவனமாக இருங்கள்.

தழைச்சத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், கால் பங்கு 45ஆம் நாள்.

அடியுரமாக டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) 65 கிலோ போட்டால் மணிச்சத்து 30 கிலோவும் முடிந்துவிடும், தழைச்சத்தும் 12 கிலோ வரை வந்துவிடும். மீதி 13 கிலோ தழைச்சத்துக்கு யூரியா 28 கிலோ. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் ஒரு மூட்டை, 50 கிலோ. 25ஆம் நாள் யூரியா 110 கிலோ. 45ஆம் நாள் 55 கிலோ.

டி.ஏ.பி.யில் இருக்கும் தழைச்சத்தைக் கழிக்காமல் யூரியாவை முழுதாகப் போடுவதுதான் அன்றாடம் நடப்பது. பல சத்து சேர்ந்த காம்ப்ளக்ஸ் உரம் வாங்கினாலும் இதே கதை. மூட்டை மேல் இருக்கும் முதல் எண் தழைச்சத்து. 20-20-0-13 என்றால் 50 கிலோவில் 10 கிலோ. அதை நோட்டில் எழுதிவிட்டு மிச்சத்தை மட்டும் யூரியாவில் கொடுங்கள்.

மூன்றாவது படியில் எண்ணியதை இப்போதே கழிக்க வேண்டாம். நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

## 5. சோதனை வரிசைகளைக் குறிப்பது

முதல் பட்டத்தில் வயல் முழுக்கப் பரிந்துரை அளவுதான். நடுவயலில் மட்டும் ஆறு வரிசையைக் குச்சி நட்டுப் பிரியுங்கள். அந்த ஆறிலும் இரண்டு மேலுரத்தையும் கால் பங்கு குறைத்துக் கொடுக்கப் போகிறோம். தள்ளி இன்னும் ஆறு வரிசையில் மேலுரமே கிடையாது. அடியுரத்தோடு சரி.

ஏன் ஆறு? பக்கத்து வரிசைக்கு வைத்த யூரியாவை ஓர வரிசையின் வேர் எடுத்துக்கொள்ளும். அதனால் இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசையைத் தள்ளிவிட்டு நடு இரண்டைத்தான் அளக்கப் போகிறோம். வரப்போரத்தில் இரண்டே வரிசை விட்டுப் பார்த்துவிட்டு, யூரியா இல்லாமலே நன்றாக வந்துவிட்டது என்று ஒரு தம்பி அடுத்த பட்டம் முழு வயலிலும் குறைத்துவிட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது நன்றாக உரம் போட்ட மஞ்சள் வயல்.

மேலுரம் இல்லாத வரிசை உங்கள் மண் தானாக எவ்வளவு கொடுக்கிறது என்று காட்டும். எந்த அட்டையையும்விட அதுதான் உங்கள் வயலுக்கு உண்மையான பரிசோதனை.

## 6. விதைப்பும் அடியுரமும்

பார் (மண் வரம்பு) பிடித்து, பாரின் சரிவில் விதை விழும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு விரல் ஆழத்தில் அடியுரத்தைப் போட்டு மூடுங்கள். விதையும் உரமும் ஒட்டக் கூடாது. யூரியாவும் டி.ஏ.பி.யும் கரையும்போது வெளிவரும் அம்மோனியா முளையைக் கருக்கிவிடும். திட்டுத் திட்டாக முளைக்காமல் போன வயல்களில் விதை மேல் பழி போடும் முன் இதைத் தோண்டிப் பாருங்கள்.

துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 15 கிலோ, மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள். டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்காதீர்கள். மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் போடுகிறவர்கள் அதை மக்கிய எருவில் கலந்து போடுங்கள், உரத்தோடு வேண்டாம்.

## 7. 25ஆம் நாள் மேலுரம்

எல்லாம் இங்கேதான் முடிவாகிறது. முழங்கால் உயரத்துக்கு வரும் இந்த நேரத்திலிருந்து பூட்டை (உச்சியில் வரும் ஆண் பூ) வெளிவரும் வரைக்கும்தான் மக்காச்சோளம் தழைச்சத்தை வேகமாக இழுக்கிறது. போடும் யூரியாவில் பாதி இந்த ஒரே நாளில் போகிறது. இங்கே ஓட்டை விட்டால் மற்ற இடங்களில் சேமித்ததெல்லாம் வீண்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் ஒரு சோதனை காட்டுவேன். மூடி போட்ட இரண்டு பாட்டிலில் வயல் மண்ணைப் பாதிவரை நிரப்பி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமாக்குங்கள். ஒன்றில் ஒரு ஸ்பூன் யூரியாவை மேலே தூவுங்கள். இன்னொன்றில் அதே அளவை இரண்டு விரல் ஆழத்தில் வைத்து மூடுங்கள். இரண்டையும் மூடித் திண்ணையில் வைத்துவிட்டு மூன்றாம் நாள் திறந்து முகர்ந்து பாருங்கள். மேலே தூவியது மூக்கைத் தூக்கியடிக்கும். மண்ணுக்குள் வைத்தது மண்வாசனையாக இருக்கும், அல்லது லேசாக வாடை வரும். அதன் பிறகு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் இதுதான். மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியம் ஆக்குகிறது. அது நடக்கும் இடத்தில் காரத்தன்மை ஏறுவதால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிறது. மண்ணுக்குள் நடந்தால் மண் பிடித்துக்கொள்கிறது. மேலே நடந்தால் காற்று வாங்கிக்கொள்கிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்த நாளில் இது இன்னும் வேகம்.

செய்ய வேண்டியது:

முதலில் களை எடுங்கள். களை நிற்கும்போது உரம் வைத்தால் பங்கு களைக்கும் போகும்.

செடியிலிருந்து நான்கு விரல் தள்ளி, களைக்கொத்தால் வரிசை நெடுக இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குக் கீறுங்கள். அதில் யூரியாவை ஒழுங்காக விட்டுக்கொண்டே போய், பின்னாலேயே மண் அணைத்து மூடுங்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000 செடி. 110 கிலோ என்பது செடிக்கு 4 கிராம், அதாவது மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. கையளவு பழக முதல் வரிசையை நிறுத்துப் போடுங்கள், அப்புறம் கை தானாகப் பழகிவிடும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் வரிசையோரம் யூரியாவை விட்டு, அன்றே பவர் வீடரை ஓட்டி மண் அணைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் காய்ந்த மண்ணில் வைத்து, அன்றைக்கே தண்ணீர் கட்டுங்கள். தண்ணீர் கட்டி மறுநாள் சேற்று ஈரத்தில் தூவிவிட்டு வருவதுதான் இருக்கிற முறைகளிலேயே மோசம். நிறையப் பேர் செய்வதும் அதுதான்.

காலைப் பனி இலையில் இருக்கும்போது வைக்காதீர்கள். குருணை இலையில் ஒட்டிக் கருக்கும். குருத்துக்குள் விழுந்தாலும் அப்படியே.

"வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே வருகிறது, அப்புறம் ஏன் மூட வேண்டும்?" என்று கேட்பார்கள். 2015 முதல் இங்கே தயாராகும் யூரியா எல்லாமே வேம்பு பூசியதுதான். ஆனால் வேம்பு தடுப்பது அடுத்த கட்டத்தை, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை. அம்மோனியாவாக மேலே போவதை அது நிறுத்தாது. மண்ணுக்குள் வைத்தால்தான் வேம்பு பூச்சுக்கே வேலை.

சொட்டு நீர் போட்டவர்களுக்கு இது எளிது. 110 கிலோவை ஒரே நாளில் கொடுக்காமல் வாரம் ஒருமுறை சிறிது சிறிதாக வெஞ்சுரியில் (குழாய்த் தண்ணீரில் உரக் கரைசலை இழுத்துக் கலக்கும் கருவி) விடுங்கள். முதலில் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசிக் கால் மணி நேரம் மறுபடி வெறும் தண்ணீர். உரம் விட்ட பிறகு மோட்டாரை மறந்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் அத்தனையும் வேருக்குக் கீழே போய்விடும்.

## 8. மேலுரத்துக்குப் பிந்திய தண்ணீர்

யூரியா மண்ணுக்குள் போன பிறகு அது நைட்ரேட்டாக மாறச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. தண்ணீர் போகும் திசையில் போகும். செம்மண்ணில் அதிகம் கட்டினால் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. கரிசலிலும் களியிலும் தேங்கினால் வேறொன்று நடக்கிறது. காற்று இல்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் மூச்சுக்கு நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது நைட்ரஜனும் நைட்ரஸ் ஆக்சைடும். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. வயலிலிருந்து போகும் உமிழ்வில் பெரிய பங்கு இதுதான். வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

ஆனால் அடையாளம் உண்டு. வயலின் தாழ்ந்த மூலையைப் பாருங்கள். மேட்டில் பயிர் கரும்பச்சையாக நிற்கும்போது அந்த மூலையில் மட்டும் வெளிறி, தண்டு மெலிந்து நிற்கும். அங்கே இன்னும் இரண்டு கை யூரியா தூவுவது வழக்கம். போட்டது போன இடத்துக்கே இதுவும் போகும். மாறாக, கடைசி மடையை வெட்டி வடிகால் விடுங்கள். ஒரு மண்வெட்டி வேலை.

தண்ணீரை ஈரம் பார்த்துக் கட்டுங்கள். மேலுரம் வைத்த நாளில் நனைகிற அளவு போதும், அரை அங்குலம். பாருக்கு மேலே ஏறக் கூடாது.

புரட்டாசியில் விதைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் 25ஆம் நாள் ஐப்பசி மழைக்குள் விழும். மேகதூத்தில் அடுத்த மூன்று நாளுக்குக் கனமழை காட்டினால் மேலுரத்தைத் தள்ளுங்கள். 25 என்பது 28 ஆனாலும் பயிர் தாங்கும், வெள்ளத்தில் போன யூரியா திரும்பாது. லேசான தூறல் என்றால் வைத்து மூடிவிடுங்கள், அதுவே தண்ணீர் கட்டினதாக ஆகிவிடும்.

## 9. மஞ்சள் தெரிந்தால் என்ன செய்வது

உடனே யூரியாவை எடுக்காதீர்கள். எந்த இலை, எந்த இடம் என்று பாருங்கள்.

அடி இலையில், நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக உள்ளே அம்பு முனை மாதிரி மஞ்சள் ஓடி, ஓரம் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. அதே அடி இலையில் ஓரம் மட்டும் காய்ந்து, நடு நரம்பு பச்சையாக இருந்தால் சாம்பல் சத்து. மேலே புது இலையின் அடிப்பகுதியில், நரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டையாக இருந்தால் துத்தநாகம். அதற்கு யூரியா போட்டால் வெளுப்பு அப்படியேதான் இருக்கும்.

உண்மையிலேயே தழைச்சத்துக் குறைவாக இருந்து, மண் சேறாக இருந்து உள்ளே போக முடியவில்லை என்றால், லிட்டருக்கு 20 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளிக்கலாம். ஒரு வாரத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

நானோ யூரியா பற்றியும் கேட்கிறார்கள். 4 சதவீதம் என்று போட்டு வந்த அரை லிட்டர் பாட்டிலில் இருக்கும் தழைச்சத்து 20 கிராம். ஒரு மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெளிக்க விரும்பினால் தெளியுங்கள், ஆனால் ஒரு பாட்டிலை நம்பி மண்ணுக்குப் போகும் ஒரு மூட்டையை நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் பார்ப்பேன் என்றால் இன்னும் ஆறு வரிசையில் குச்சி நடுங்கள்.

## 10. 45ஆம் நாள் மேலுரம்

இதற்குள் பயிர் நெஞ்சளவு வந்திருக்கும், உள்ளே நடப்பதே சிரமம். அதனால் ஆளுக்கு நாள் சொல்லும்போது 40க்கும் 45க்கும் நடுவில் சொல்லுங்கள். தள்ளிப்போய் வரப்பில் நின்றபடி வீசுகிற நிலை வந்தால், பாதி இலையில்தான் விழும்.

சோதனை வரிசையில் கால் பங்கு குறைத்தே வையுங்கள். வைக்கும் முன் காலை எட்டு மணி வாக்கில், உங்கள் நிழல் விழுகிற மாதிரி நின்று, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியைக் குறைத்த வரிசையிலும் முழு வரிசையிலும் பத்துப் பத்துச் செடியில் ஒப்பிட்டு எழுதுங்கள். இலை வண்ண அட்டை இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் நம் பக்கம் கிடைப்பது நெல்லுக்கானது. அதில் சொல்லும் எண்ணை மக்காச்சோளத்துக்கு எடுக்காமல், இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் காட்ட மட்டும் வையுங்கள்.

பூட்டை வந்த பிறகு யூரியா வேண்டாம். கருகருவென்று பச்சை கட்டும், காற்றடித்தால் சாயும், கதிரில் எடை ஏறாது.

## 11. அறுவடையில் எடை

முழு வரிசை, குறைத்த வரிசை, மேலுரம் இல்லாத வரிசை மூன்றிலும் நடு இரண்டு வரிசையில் 10 மீட்டர் நீளம் அளந்து கதிரை ஒடியுங்கள். அது 12 சதுர மீட்டர். தனித்தனிச் சாக்கில் போட்டு, ஒரே களத்தில், ஒரே நாள் கணக்கில் காயவைத்து, உதிர்த்து நிறுக்க வேண்டும். ஒன்றை ஈரமாகவும் ஒன்றைக் காய்ந்தும் நிறுத்தால் வித்தியாசம் தண்ணீரின் வித்தியாசம்தான். கிலோவை 337ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வரும். வயலில் மூன்று இடத்தில் இப்படி எடுத்துச் சராசரி பார்ப்பது இன்னும் நல்லது.

அப்புறம் தட்டை. கொளுத்தாதீர்கள். எரியும்போது அதில் இருக்கும் தழைச்சத்தும் புகையோடு போகிறது, நைட்ரஸ் ஆக்சைடும் மீத்தேனும் சேர்ந்து வருகின்றன. மாட்டுக்குப் போனது போக மிச்சத்தைப் பொடித்து உழுங்கள். மக்க நாள் வேண்டும் என்பதால் அடுத்த விதைப்புக்கு ஒரு மாதமாவது முன்னால்.

## 12. இரண்டாம் பட்டம்: இப்போது குறையுங்கள்

குறைத்த வரிசையும் முழு வரிசையும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், இப்போது தலைகீழாக மாற்றுங்கள். வயல் முழுக்கக் குறைத்த அளவு, நடுவில் ஆறு வரிசைக்கு மட்டும் முழு அளவு. அந்த ஆறு வரிசை உங்களுக்குக் காவல். 40ஆம் நாள் வயல் அதைவிட வெளிறித் தெரிந்தால், கடைசி மேலுரத்தை முழுதாகக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம். வித்தியாசம் தெரியாவிட்டால் குறைத்தபடியே போங்கள்.

மூன்றாவது படியில் நோட்டில் எழுதிய எருவும் முன்பயிரும் கிணற்றுத் தண்ணீரும் இப்போது பயன்படும். அவற்றின் கூட்டுத் தொகையும், சோதனை வரிசையில் தாங்கிய குறைப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் உங்கள் கணக்கு சரி. எடை விழுந்திருந்தால் குறைக்காதீர்கள். ஏழாவது, எட்டாவது படியில் எங்கே விட்டீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தாழ்ந்த மூலையாக இருக்கும், அல்லது மூடாமல் விட்ட நாளாக இருக்கும்.

ஒரு மூட்டை குறைந்தால் வானத்துக்கு என்ன குறைகிறது என்றும் நோட்டில் எழுதி வையுங்கள். போடும் தழைச்சத்தில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்பது ஐ.பி.சி.சி. என்னும் பன்னாட்டுக் காலநிலைக் குழு வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஒரு மூட்டைக்கு அது சுமார் மூன்றில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுக் கணக்கில் 89 கிலோ. யூரியா உடையும்போது அதற்குள் இருக்கும் கரியமில வாயுவே 33 கிலோ வெளிவருகிறது. இரண்டும் சேர்ந்து 120 கிலோவுக்கு மேல். ஐம்பது லிட்டர் பெட்ரோல் எரித்தால் வருகிற அளவு. யூரியா ஆலையில் எரியும் எரிவாயுவை இதில் சேர்க்கவே இல்லை.

நோட்டில் கடைசியாக ஒரு எண் வேண்டும்: ஒரு கிலோ தழைச்சத்துக்கு எத்தனை கிலோ மக்காச்சோளம். 100 கிலோ போட்டு 30 குவிண்டால் எடுத்தால் 30. 80 கிலோ போட்டு அதே 30 குவிண்டால் என்றால் 37க்கு மேல். பக்கத்து வயல்காரர் கேட்டால் மூட்டைக் கணக்கைச் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லுங்கள். அவர் மண் வேறு, தண்ணீர் வேறு. அவர் குச்சி நடத் தொடங்க வேண்டியது ஐந்தாவது படியிலிருந்து.